உளுந்தில் ஒன்பது ரூபாய்

பலராமன் கடையில் உளுத்தம்பருப்பு கிலோ அறுபத்தாறு ரூபாய். ஸ்ரீபெரும்புதூர் பெரிய சாலையில் புதிதாகத் திறந்திருந்த சூப்பர் மார்க்கெட்டில் அதே பருப்பு எழுபத்தைந்து. சோப்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் இரண்டு இடத்திலும் அட்டையில் அச்சடித்த விலைதான். ஆனால் பலராமன் சில்லறையை விட்டுக்கொடுப்பார். அங்கே ஒரு ரூபாய் மீதிக்கு மிட்டாய் கொடுத்து அனுப்புவார்கள். 2012 ஆடி மாதத்தில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். கேட்க வேண்டியவர்கள் கடைக்கு வருவதில்லை.

கேட்க வேண்டியவர்கள் என்றால் கம்பெனிப் பெண்கள். பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவர் கடை நூறடி தூரம். ஓராண்டுக்கு முன்புவரை காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு இறங்குகிற பெண்கள் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே நேராகக் கடைக்கு வருவார்கள். எல்லோரும் தெற்கத்திப் பெண்கள். ஓர் அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று வாடகைக்கு இருந்தார்கள். ஊர்க்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதை இவர்கள் தினம் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குவார்கள். இப்போது அவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய்வந்து, பத்து ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஊர் திரும்பினார்கள். அந்தக் கடையின் பச்சை எழுத்துப் போட்ட கவர்கள் பலராமன் வாசலைக் கடந்து போயின.

அவருக்கு இருந்த இரண்டு ஏக்கர் தொழிற்பேட்டைக்குப் போய் ஐந்து வருடமாகிறது. வந்த பணத்தில் பாதி மகள் மஞ்சுளாவின் கல்யாணத்துக்கு. மீதி, பழைய பெட்டிக்கடையை நாற்பதடிக் கட்டடமாக்கியதற்கு. அந்தக் கட்டடத்தை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார் ஐயனார் என்ற லேபர் கான்ட்ராக்டர். ஒடிசாவிலிருந்து வரும் நாற்பது பேரைத் தங்கவைக்க அவருக்கு இடம் தேவை. ஆவணி பிறந்ததும் பதில் சொல்லிவிட வேண்டும் என்றார். கடையை மூடினால் வாடகை வரும், சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் ஐம்பத்து மூன்று வயதில், காலை ஐந்து மணிக்கு எழுந்து எங்கே போவது என்று பலராமனுக்குத் தெரியவில்லை. நிலம் போனபோது கடை இருந்தது. கடையும் போனால் அவர் வெறும் வீட்டுக்காரர்.

முதலில் அவர் ரகுபதியைக் கேட்டார். ரகுபதி ஒரு சோப்புக் கம்பெனி விநியோகஸ்தரிடம் ஆர்டர் எடுக்கும் ஆள், செவ்வாய்தோறும் வருவான். சூப்பர் மார்க்கெட்டுக்கும் அவன்தான் சரக்குப் போடுகிறான்.

“சொல்லுப்பா. அங்க இன்னா கீது, இங்க இன்னா இல்ல?”

“ஏசி கீதுண்ணே.”

“ஏசிய வூட்டுக்கு எடுத்துக்கினு போவாளுங்களா?”

“அட, எட்டு மணி நேரம் லைன்ல நின்னுட்டு வர்ற பொண்ணுண்ணே. பத்து நிமிசம் சில்லுன்னு நடந்தா ஒரு இது. அப்புறம் கூடை. கையில எடுக்கலாம், பாக்கலாம், வேணாம்னா திரும்ப வச்சிடலாம். உன் கடையில தொட்டாலே நீ துண்டுச்சீட்டுல எழுதிடற.”

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த லீலா சிரித்தாள். அவள் பலராமனின் மனைவி. மத்தியானம் அவர் சாப்பிட்டுத் தூங்கும் ஒரு மணி நேரம் அவள்தான் கல்லாவில் உட்காருவாள். கேட்டதை எடுத்துக் கொடுப்பாள், காசை வாங்குவாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. “நாலு வார்த்த பேசினாத்தான் ஆளு நிக்கும். நீ இன்னாடான்னா போஸ்டாபீஸ்ல ஸ்டாம்பு விக்கற மாதிரி உக்காந்துக்கினு கீற” என்று பலராமன் வருடக்கணக்காகச் சொல்லிவருகிறார்.

ஆடி பதினெட்டுக்குள் ஏசி வந்தது. இரும்பு அலமாரிகள், சிவப்புக் கூடைகள், கண்ணாடிக் கதவு எல்லாம் வந்தன. பழைய பலகையை இறக்கிவிட்டு ‘பலராமன் டிபார்ட்மென்டல் ஸ்டோர்’ என்று விளக்கு எரியும் பலகை மாட்டினார். உளுந்து விலை அதே அறுபத்தாறுதான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் சொல்லவைத்தார்.

பெண்கள் வந்தார்கள். முதல் வாரம் பஸ் வந்ததும் பதினைந்து இருபது பேர் கடைக்குள் இருந்தார்கள். பலராமன் கல்லாவை விட்டு எழுந்து ஒவ்வொருவரிடமும் போனார். இதில் அவர் கெட்டிக்காரர். ஒருமுறை வந்த ஆளின் ஊரை மறக்கமாட்டார். மறுமுறை அந்த ஆள் வாசலில் கால் வைக்கும்போதே ஊர்ப் பெயரைச் சொல்லி வரவேற்பார்.

“வாம்மா. எந்த ஊரு?”

“ராம்நாடு, சார்.”

“ராம்நாட்டுல?”

“முதுகுளத்தூர் பக்கம்.”

“பக்கம்னா இன்னா ஊரு? நம்மகிட்ட முதுகுளத்தூர்லேர்ந்து ஒரு பையன் வருவான், மாரிசெல்வம்னு. தெரியுமா? அவங்க வூடு ஊருக்குள்ள, பள்ளிக்கூடத்தாண்ட. உங்க வூடு எந்தப் பக்கம்? அப்பா இன்னா பண்றாரு?”

அந்தப் பெண் ஒரு ஷாம்பு பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். கூடையில் எடுத்து வைத்திருந்த ரவையையும் எண்ணெயையும் அலமாரியில் திரும்ப வைத்துவிட்டுத்தான் போனாள். எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கும் வசதி நன்றாக வேலை செய்கிறது என்று பலராமன் நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் மூன்று மணிக்குக் கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆவணிக்கு ஏழு நாள் பாக்கி. ஐயனார் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

மறுநாள் பலராமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். எதிரிக் கடைக்குள் அதுவரை அவர் கால் வைத்ததில்லை. வாசலில் நின்ற காவலாளி அவர் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கி ஒரு டோக்கன் கொடுத்தான். உள்ளே நுழைந்ததும் அவர் முதலில் விலைகளைப் பார்த்தார். அவர் சொல்லிவந்தது சரிதான், பருப்பு, அரிசி, மாவு எல்லாம் ஒரு ரூபாயாவது அதிகம். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு பருப்பை. பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் விற்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் கடையில் பருப்பில் கல் இருக்காது, லீலா பொறுக்கிவிடுவாள்.

மூன்றே காலுக்குக் கம்பெனிப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் கடைக்குள் நடப்பதை பலராமன் மாவு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒருத்தி நாப்கின் இருக்கும் அலமாரியின் முன் நின்று, ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துப் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்தாள். அவர் கடையில் அதைக் கேட்கிறவர்கள் மற்ற ஆட்கள் போகும்வரை காத்திருப்பார்கள். அவர் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பார். அதை மரியாதை என்றே நினைத்திருந்தார். பில் போடும் பெண் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மேடம், போன் நம்பர்?” என்பாள். நம்பரைத் தட்டுவாள். “கவர் வேணுமா?” என்பாள். அத்தோடு முடிந்தது. இப்படி மூஞ்சி கொடுக்காமல் வியாபாரம் செய்தால் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு நாள் கடை நடத்த முடியாது என்று பலராமனுக்குத் தோன்றியது.

அப்போதுதான் மாடத்தியைப் பார்த்தார். போன வருடம் பங்குனிவரை அவர் கடையில் தினம் வாங்கியவள். ஒரு செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் வேலை செய்கிறாள். கூடையில் கால் கிலோ உளுந்தும், அவர் கடையில் இருக்கும் அதே சோப்பும் இருந்தன. தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் அவர் வாய்விட்டுக் கூப்பிட்டார்.

“அடடே, நம்ம சங்கரங்கோயில் பொண்ணு! இன்னாம்மா, ஓடைக்கு அந்தப் பக்கம், கரெக்டா? பாத்தியா, மறக்கல நானு!”

நாலைந்து பெண்கள் திரும்பினார்கள். ஒருத்தி பலராமனைப் பார்த்துவிட்டு மாடத்தியைப் பார்த்தாள். மாடத்தி கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

பலராமன் பின்னாலேயே போனார். அவள் வண்டிகள் நிற்கும் இடத்தில், சுவரோரம் நின்றிருந்தாள்.

“இன்னாம்மா? நான் இன்னா தப்பா சொல்ட்டேன்?”

“அண்ணாச்சி, இங்கயும் வந்துட்டியளா? உங்க கடைய விட்டு ஆறு கிலோமீட்டர் தள்ளி வந்துதான் வாங்குதேன். இங்கயும் வந்து அந்த ஓடையத்தான் சொல்லணுமா?”

“ஓடைக்கு இன்னா? நீ சொன்னதுதானே?”

“நானாவா சொன்னேன்? நீங்க விடாம கேட்டீய. சங்கரன்கோவில்னேன். சங்கரன்கோவில்ல எங்கன்னீய. ஊரச் சொன்னேன். ஊர்ல எங்கன்னீய. கோயில் பக்கமான்னீய. கடை நிறைய ஆளு. பக்கத்துல கவியா நிக்கா, கையில ஷாம்பு வச்சிக்கிட்டு. அவ எங்க பக்கத்து ஊரு. ஓடைக்கு அங்கிட்டு யாரு இருக்காவன்னு அவளுக்குத் தெரியாதா? நான் ஆறு மாசமா அவகிட்டச் சொல்லாம வச்சிருந்தேன். நீங்க ரெண்டு நிமிசத்துல வாங்கிட்டீய.”

வண்டி எடுக்க வந்தவருக்கு வழிவிட்டு மாடத்தி சுவரோரம் ஒதுங்கினாள்.

“நானும் கவியாவும் இருந்த ரூம்ல ஆறு பேரு. ஆளுக்கு ஒருநாள் சமையல். கதவுல பேரு எழுதி ஒட்டியிருக்கும். எனக்கு வியாழக்கிழமை. மறுவாரத்துலேருந்து வியாழக்கிழமை எல்லாத்துக்கும் விரதம் வந்துட்டு. கவியா விரதம், சுகப்பிரியா விரதம், சாமியே கும்புடாத ஒருத்தி இருந்தா, அவளும் விரதம்.” மாடத்தி சிரித்தாள். “நானும் ரெண்டு வாரம் நம்பினேன், அண்ணாச்சி. நமக்கும் நல்லதுதானேன்னு நானும் பட்டினி கிடந்தேன். மூணாவது வாரம் பாத்தா, சோத்த வெளிய வாங்கித் தின்னுட்டு வாராளுவ.”

“இப்ப எங்க கீற?”

“பென்னலூர். வாடகை முந்நூறு கூட. கூட இருக்கதுவ விழுப்புரம், கடலூர். எங்க ஊரு எங்க இருக்குன்னே தெரியாது. அதுவே பெரிய நிம்மதி.”

“நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கினு கேக்கலம்மா. சத்தியமா. பேச்சுக்குக் கேக்கறதுதான். எல்லார்கிட்டயும் கேப்பேன்.”

“நீங்க வைக்கல. கேட்டுக்கிட்டு நின்னவ வச்சிக்கிட்டா. உங்க ஊர்ல வந்து உங்ககிட்ட யாராச்சும் எந்தத் தெருன்னு கேட்டிருக்காவளா?”

கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் வீடு தெரியும், அவருக்கும் எல்லோர் வீடும் தெரியும். யார் கடைக்குள் வருவார், யார் படியோடு நின்று வாங்குவார் என்பது அவர் அப்பா காலத்திலேயே முடிவாகியிருந்தது. அவர் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. தெரியாத ஆட்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் என்று மாடத்தி சொன்ன அன்று தனக்கும் விஷயம் புரிந்தது அவருக்கு நினைவிருந்தது. புரிந்துகொண்டு, சரி என்று மனதில் குறித்துக்கொண்டு, பருப்பைப் பொட்டலம் கட்டினார்.

“உளுந்து ஒன்பது ரூபா கூடம்மா இங்க” என்றார்.

“தெரியும். எனக்கென்ன, கணக்குத் தெரியாதா? ஒரு மணி நேரம் ஓவர்டைம் பாத்தா இருபத்தெட்டு ரூவா. நின்னு கால் வீங்கிப் போவும். நான் இங்க வாங்குத பருப்புக்கும் மாவுக்கும் கூடக் குடுக்கேன்னு தெரிஞ்சுதான் குடுக்கேன். அந்தப் பில்லு போடுத பிள்ள போன் நம்பர் கேப்பா. குடுத்தா, தள்ளுபடி தள்ளுபடின்னு மெசேஜ் வரும். அழிச்சிருவேன். அவ்வளவுதான் தொந்தரவு.” கடை வாசலைக் காட்டினாள். “மத்தவளுவளுக்கு வேற காரணம் இருக்கும். ஏசிக்கு வாரவளும் உண்டு. கல்யாணம் எப்ப கல்யாணம் எப்பன்னு கேக்கீயன்னு ஒருத்தி உங்க கடைக்கு வாரதில்ல. எனக்குக் காரணம் இதுதான்.”

“நான் போயி அந்தக் கூடைய பில்லு போட்டு எடுத்தாரட்டா?”

“வேண்டாம். நீங்க மொதல்ல போங்க. நீங்க போன பெறகு நானே உள்ள போயி எடுத்துக்கிடுதேன்.”

பலராமன் டோக்கனைக் கொடுத்து மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவர் கண்ணுக்கு மறையும்வரை மாடத்தி வெளியிலேயே நின்றாள்.

வீட்டில் லீலாவிடம் ஏசி, நாப்கின் அலமாரி, டோக்கன் எல்லாம் சொன்னார். கடைசியாக மாடத்தியைப் பற்றியும் சொன்னார். வியாழக்கிழமை விரதம் வந்தபோது லீலா கை வேலையை நிறுத்தினாள்.

“அன்னிக்கு நான் பக்கத்துலதானே குந்திக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு மூஞ்சி போன போக்க பாத்தேன்.”

“பாத்தியா? பாத்துட்டு ஏன் ஒண்ணும் சொல்லல?”

“சொன்னா நீ இன்னா சொல்வ? உனுக்கு வியாபாரம் தெரியாது, நீ ஸ்டாம்பு விக்கறவன்னுவ.”

மறுநாளிலிருந்து பலராமன் கேட்பதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். முதல் நாள் சமாளித்தார். வந்த பெண்களைப் பார்த்து “வாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவள் கூடையைக் கையில் எடுப்பதற்குள் “எந்த ஊரும்மா?” என்று அவர் வாய் கேட்டுவிட்டது. “தேனி” என்றாள். “தேனியில?” என்று அடுத்தது வந்தது. அந்த இடத்தில் லீலா உள்ளேயிருந்து வந்து, தோளைத் தொட்டு, “எழுந்திரு” என்றாள்.

எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். அந்தப் பெண் ரவை, தக்காளி சாஸ், அரை லிட்டர் எண்ணெய் எடுத்துவந்து வைத்தாள். லீலா விலையைச் சொன்னாள், மீதியைக் கொடுத்தாள். பெண் போனபிறகு பலராமன் பக்கம் திரும்பினாள்.

“ஐயனாருகிட்ட கடைய வுடப் போறியா, இல்ல நடத்தப் போறியா?”

“நடத்தணும்னுதானே இவ்ளோ செலவு பண்ணேன்.”

“அப்ப ரெண்டு மணிலேர்ந்து ஏழு மணி வரிக்கும் நான்தான் குந்துவேன். நீ உள்ளயே வரக் கூடாது. சரக்கு எடுக்க வாலாஜாபாத் போ, மூட்ட எறக்கு, எங்கனா போ. காலையில ஊர்க்காரங்க வருவாங்க, அப்ப நீ குந்திக்கினு கத பேசு. அவங்க கததான் உனுக்கே தெரியுமே, புச்சா கேக்க ஒண்ணும் இல்ல.”

“என் கடையில நானு வரக் கூடாதா?”

“உன் கடை ஓடணுமா, வேணாவா? அது ஒண்ண மட்டும் சொல்லு.”

பலராமன் அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. மறுநாள் இரண்டு மணிக்குச் சாவிக்கொத்தைக் கல்லா மேசையில் வைத்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். மூன்று மணி பஸ்ஸில் இறங்கியவர்களில் நாலு பேர் கடைக்குள் போனார்கள். அடுத்த நாள் ஆறு பேர். அதற்கடுத்த நாள் பதினொரு பேர். கண்ணாடிக் கதவு வழியே சிவப்புக் கூடைகள் அலமாரிகளுக்கு நடுவே நகர்வது தெரிந்தது. யார் என்ன வாங்குகிறார்கள் என்பது தெரியவில்லை. வெளியே வந்தவர்களில் ஒருத்தி அவரைத் தாண்டிப் போனாள். நல்ல உயரம், காதில் பெரிய வளையம். கோவில்பட்டியா, பரமக்குடியா என்று அவரால் ஊகிக்க முடியவில்லை. டீக்கடைக்காரர் அண்ணாதுரை “இன்னா பலராமா, பொண்டாட்டி வெளிய தள்ளிடுச்சா?” என்று கேட்டார். அவர் இன்னொரு டீ சொன்னார்.

ஆடி கடைசி நாளன்று ஏழு மணிக்கு மேல் கடைக்குப் போனார். லீலா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு யார் யாரு வந்தாங்க?”

“வந்தாங்க.”

“புச்சா யார்னா?”

“இருக்கலாம்.”

“அந்த மாடத்தி?”

“வரல. அது ஏன் வருது, பென்னலூர்லேர்ந்து? வந்தா மட்டும் சந்தோசமாவா இருக்கும் அதுக்கு?”

அவர் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். உளுந்துப் பாக்கெட்டுகள் பாதி போயிருந்தன. நாப்கின் அலமாரிக்கு முன்னால் இருந்த அரிசி மூட்டைகளை லீலா நகர்த்தி, ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தாள். கல்லா மேசைக்கு அடியில் பழைய செய்தித்தாள்களும் கறுப்புக் கவர்களும் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடந்தன.

மறுநாள் ஆவணி ஒன்று. காலை ஐந்தரை மணிக்கு, ஊர்க்காரர்கள் பாலுக்கும் காபித்தூளுக்கும் வரத் தொடங்குமுன், பலராமன் ஐயனாருக்குப் போன் செய்து இடம் காலியாக இல்லை என்றார்.

“கடை ஓடலன்னு சொன்னியேண்ணே? பொண்ணுங்க திரும்ப வந்துட்டாங்களா?”

“கொஞ்சம் பேரு வர்றாங்க.”

“எப்பிடி வரவெச்ச? வெலைய கொறச்சியா?”

“இல்ல” என்றார் பலராமன். “நான் அந்த நேரத்துல கடையில இருக்கறதில்ல.”

ஐயனாருக்குப் புரியவில்லை. பலராமன் அந்தப் போனை வைத்தார். வாலாஜாபாத் மண்டிக்கு மத்தியானம் இரண்டு மணி வண்டியில் வருவதாகச் சொல்ல அடுத்த போனைப் போட்டார்.